யேசுவடியான் முதலானோர்

பதவி உயர்வுப் படிவத்தின் ஒன்பதாம் பத்தி
ஓர் எண்ணைக் கேட்கிறது.
எத்தனை கட்டுரை, எத்தனை பேர் எடுத்தாண்டார்கள்.
தன்னைத் தானே எடுத்தாண்டதைக் கழித்துக்கொள்க.
ஆசாரிப்பள்ளத்தில், ஆடி ஆடிச் சுற்றும் மின்விசிறிக்கு அடியில்
மாலை ஐந்துக்கு அது மூடிக்கொள்ளும்.

பத்தொன்பது வருடம், முப்பத்தொரு கட்டுரை.
என்னைத் தேடினால் மூன்று பேர் வருகிறார்கள்.
ஷைனி என்று ஒருத்தி:
எழுத்துப்பிழையோடு ஒரு மாநாட்டுச் சுருக்கம்.
கிறேஸ் என்று ஒருத்தி:
நான்கு கட்டுரை, ஒரே ஒரு மேற்கோள்.
மிச்சமெல்லாம் யேசுவடியான், எஸ். ஜி.
இருபத்தாறு கட்டுரை,
எழுநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம்
காலியாக இருக்கக் கூடாது என்றார்கள்.
அப்பா பெயரை எழுதினேன்.
அதற்குப் பிறகு உலகம் வாசித்தது அவரைத்தான்.

அருமனையில் இது யாருக்கும் தெரியாது.
விடியுமுன் மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டி
முந்நூறு றப்பர் மரத்தைச் சாய்வாகக் கீறி
சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறவர்
கோபன்ஹேகனில் நிறுவியிருக்கிறார்:
புதுமணம் ஒன்றைக் கற்ற எலியை
உடனே உறங்கவிட்டால்
மறுநாளும் அது மறப்பதில்லை.
யேசுவடியான் வாதிடுகிறார்.
யேசுவடியான் ஓரிடத்தில் ஐயுறுகிறார்.
விரிவுக்கு யேசுவடியானைப் பார்க்க.

அந்த எலிகள் உறங்குவதைப் பதிவுசெய்ய
நாற்பத்துநான்கு இரவு நான் உறங்கவில்லை.
அது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

மதியம் போனில் சொன்னேன்.
"எனக்க பேரா? நான் என்னத்தச் சொன்னேன்?"
எலி உறங்குவது பற்றி.
கொஞ்சம் யோசித்து, "அது உள்ளதுதான்" என்றார்.
எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேட்டார்.
எழுநூற்றுச் சொச்சம்.
"கிலோவுக்கு என்ன தருவானுவ?"

லைடன் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று.
யேசுவடியானின் முடிவுகளை
எங்களால் மீண்டும் பெற முடியவில்லை
என்று நாசூக்காக எழுதியவர்கள்.
அதுவும் அந்த எழுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று.
எண்ணுக்கு வசவும் வாழ்த்தும் ஒரே எடை.

மறுமுனையில் கத்தியைக் கல்லில் தேய்க்கும் சத்தம்.
"மரத்துக்குப் பாவாடை கெட்டாம
மழையில வெட்டியிருப்பானுவ.
பாலு தண்ணியாத்தான் வரும்."

இல்லப்பா,
அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ஆறு வருடத்தில்
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
லைடனுக்கு எழுதிய மறுப்பு பதினொரு பக்கம்,
ஒவ்வொரு பக்கத்திலும் பல்லைக் கடித்திருந்தேன்.

"செரின்னா ஒத்துக்கிட வேண்டியதுதானே மக்களே.
எனக்க பேர்லதானே கெடக்கு."
வைத்துவிட்டார். ஷீற்று உலர்த்தப் போக வேண்டுமாம்,
வானம் இருட்டுகிறதாம்.

நாலு நாற்பது.
திரை பொறுமையாகக் கேட்கிறது:
யேசுவடியான், எஸ். ஜி. என்ற இந்த ஆசிரியர் நீங்கள்தானா?
ஆம். இல்லை. உறுதியாகத் தெரியவில்லை.

ஆம் என்றேன்.
பெயர்களை ஒன்றுசேர்க்கப்
பதினான்கு வேலைநாள் ஆகும் என்றது.
ஐந்து மணிக்கோ இருபது நிமிடம்கூட இல்லை.
அதுவரை நான் ஷைனியும் கிறேஸும் மட்டும்தான்,
ஐந்து கட்டுரை, ஒரு மேற்கோள்.

கிறேஸை எடுத்தாண்ட அந்த ஒற்றை ஆள் யார் என்று
அப்போதுதான் திறந்து பார்த்தேன்.
யேசுவடியான், 2014. மூன்றாம் பக்கம், அடிக்குறிப்பு.

ஒன்பதாம் பத்தியில் 1 என்று எழுதினேன்.
கழிக்கவில்லை.